ஓரத்துணி

கத்தரி அண்ணன் என்று கேட்டால்தான் எங்கள் தெருவில் வழி சொல்வார்கள். வெறுமனே தையல்காரர் என்றால் முக்குக் கடையைக் காட்டிவிடுவார்கள். அங்கேயும் ஒரு தையல்காரர் இருந்தார். ஆனால் அவர் தைத்துக் கொடுத்த சட்டையில் எப்போதும் நாலு நூல் தொங்கும். எங்கள் அண்ணனிடம் அந்தப் பேச்சே கிடையாது. பிசிறு என்றால் அவருக்கு ஆகாது. நம்மோடு குடும்பக் கதை பேசிக்கொண்டே நிற்பார், கண் மட்டும் நம் கைமடிப்பில் இருக்கும். பேச்சு முடிவதற்குள் கத்தரி வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். ஒருநாள் என் சால்வைக் குஞ்சத்திலேயே கைவைத்துவிட்டார். “அண்ணே, அது டிசைன்!” என்று நான் அலறியதும், “இதுவா டிசைன்? தச்சவன் பாதியில எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு” என்று மனசில்லாமல் கையை எடுத்தார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே முன்னறை கடை. பின்னறையும் சமையலறையும் வீடு. நடுவில் ஒரு திரை, அதையும் பகலெல்லாம் ஒதுக்கியே வைத்திருப்பார்கள். அண்ணனின் மெஷின் தெருவைப் பார்க்கக் கிடக்கும். அண்ணி பின்னறை ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து காஜா எடுப்பார், பட்டன் தைப்பார். மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் தன் சொந்த வேலையை எடுப்பார். மரவளையத்தில் வெள்ளைத் துணியை இறுக்கிப் பூட்டி எம்ப்ராய்டரி. ரோஜாவும் மயிலும் அவருக்குப் பிடிக்காது. சொட்டுகிற குழாய், மெஷின் மேல் படுத்துத் தூங்கும் பூனை, மகள் சின்ன வயதில் தேய்த்துத் தீர்த்த ஒற்றைச் செருப்பு, இப்படித்தான் போடுவார். முடிந்ததும் மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

குழாயை முடித்த அன்று நானும் அங்கே இருந்தேன். நூலைக் கடித்து அறுத்துவிட்டு அண்ணி துணியை விரித்துப் பிடித்தார். சொட்டு கீழே விழப்போகிற மாதிரியே இருந்தது.

“இங்க பாருங்களேன். இத ஒரு பிரேம் போட்டு மாட்டலாமா?”

அண்ணன் திரும்பவில்லை. “எங்க மாட்டுறது? இஞ்ச் டேப் மாட்டவே ஆணி பத்தல.”

இளக்காரமாகச் சொல்லவில்லை. சுவர் முழுக்கத் தைத்த உடுப்புகள் தொங்கின, உள்ளதைத்தான் சொன்னார். சொன்ன வேகத்தில் மறந்தும் போனார். அண்ணி துணியை நாலாக மடித்தார், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்தித் திரும்பினால் இந்த மனுஷனுக்கு என்ன குறைந்துவிடும்?

ஆனால் அவரைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. அண்ணிக்கு ஒரு கண் ஏற்கெனவே மங்கல். இன்னொன்றும் மங்கத் தொடங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபோது, அண்ணன் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஊசிகளில் நிறம் நிறமாக நூல் கோர்த்துப் பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்திவைப்பார். அதற்கப்புறம்தான் டீ. யாரும் சொல்லி அவர் இதைச் செய்யவில்லை, யாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

பிறகு அதுவும் பற்றாமல் போனது. ஆபரேஷனுக்காக மகள் வந்து அம்மாவைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். சீருடைத் துணி மலையாகக் குவிந்திருந்ததால் அண்ணனால் உடன் போக முடியவில்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. குளிர் தாங்காமல் கம்பளி எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்த அண்ணன், கீழிருந்து என்னைக் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஓடி இறங்கினேன்.

கட்டில் நிறைய அண்ணியின் துணிகள். அண்ணன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இது யாரு, பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் முதுகு. சட்டை முழுக்க நீல நூல், வெயில் படுகிற தோளில் மட்டும் ஒரு இழை வெளிர். பிடரியில் கொஞ்சம் முடி. உச்சியில் நூலே இல்லை, துணியை அப்படியே விட்டிருந்தார்.

“வேற யாரு அண்ணே, நீங்கதான்.”

“நான் இவ்ளோ வழுக்கையா?”

“அண்ணி கொஞ்சம் சலுகை குடுத்துத்தான் தச்சிருக்காங்க.”

அவர் சிரிக்கவில்லை. முக்காலியில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து தன் காலி நாற்காலியைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அண்ணி என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்த முக்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நான் கட்டிலில் கிடந்த துணிகளை அடுக்கத் தொடங்கினேன்.

“பிரேம் போடணும்னு கேட்டாளா எப்பவாவது?” என்றார்.

“கேட்டாங்க. ஆணி பத்தலன்னு சொன்னீங்க.”

“நானா சொன்னேன்?”

“வேற யாரு சொல்லுவா?”

அண்ணன் எழுந்து முன்னறைக்குப் போய்ச் சுவரில் தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். “கண்ணுக் கட்டுப் பிரிச்சு அவ வீட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல கண்ணுல படுறது இதுவா இருக்கணும். நீ மககிட்ட உளறி வைக்காத.”

இரண்டு நாள் கழித்து, மழை சற்று விட்ட நேரம், பிரேம் கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். துணிகளை இஸ்திரி போட்டுக் காகிதத்தில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிரேம் கடையை நடத்தியது ஒரு அக்கா. தலையில் மரத்தூள், காதில் பென்சில், குரல் தெருமுனை வரை கேட்கும். முன்னால் கட்டியிருக்கும் ஏப்ரன் எப்போதும் பசை காய்ந்து விறைத்திருக்கும். சுவரோரம் நீள நீளமாக மரச்சட்டங்கள் சாய்ந்து நின்றன. மேசை மேல் ஒரு பிரேமின் நாலு மூலைகளையும் கயிறு போட்டு இறுக்கிக் காயவைத்திருந்தார்.

“வாங்க டெய்லர். மழையில எதுக்கு வந்தீங்க? ஈரக் காத்துல பிரேமுக்குப் பின்பக்கத் தாள் ஒட்ட மாட்டேன், சொல்லிட்டேன். ஈரம் உள்ளயே உக்காந்துக்கும்.”

“மெதுவா ஒட்டுங்க. மொதல்ல சாமானப் பாருங்க.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். குழாயைப் பார்த்ததும், “யம்மா!” என்றார். “யாரு, வீட்டுக்காரம்மா போட்டதா? இவ்ளோ நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்று துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு ஓரத்தைப் பார்த்தார். அடுத்ததை எடுத்து அதன் ஓரத்தையும் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“எந்தப் பாவி இத வெட்டினது?”

அண்ணன் நிமிர்ந்தார். “வெட்டினதா? நாந்தான் ஓரம் சரி பண்ணேன். அங்கயும் இங்கயும் கைப்பட்ட துணி, ஒரே பிசிறு. சுத்தமா வெட்டி, மடிச்சுத் தச்சுக் கொண்டாந்திருக்கேன். உங்களுக்கு வேலை மிச்சம்.”

“வேலை மிச்சமா? வேலையே இல்லாமப் பண்ணிட்டீங்க!” அக்கா ஒரு அட்டையை எடுத்து மேசையில் அறைந்தார். “எம்ப்ராய்டரிய எப்படி பிரேம் போடுவாங்கன்னு நெனச்சீங்க? பசை தடவி ஒட்டுவேன்னா? துணிய அட்டை மேல போட்டு, சுத்திலும் நாலு விரல் துணிய பின்னாடி மடிச்சு, அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நூல் கோத்து இழுத்துக் கட்டணும். அப்பதான் சுருக்கம் இல்லாம நிக்கும். இதுல மடிக்கத் துணி எங்க இருக்கு? நகம் அளவு விட்டிருக்கீங்க, அதையும் மடிச்சு மெஷின் ஓட்டியிருக்கீங்க!”

“எல்லாத்தையுமா?” என்று நான் கேட்டேன்.

“எல்லாத்தையும்,” என்றார் அண்ணன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“நடுவுல ஓட்டை போட்ட அட்டைய மேல வச்சு ஓரத்த மறைச்சா?” என்றேன்.

“மறைச்சா அந்தம்மா போட்ட ஓரமும் சேந்து மறையும். குழாய் இருக்கும், சொட்டு இருக்காது. பரவால்லயா?”

அண்ணன் துணிகளைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினார். அக்காவுக்கே மனசு இளகிவிட்டது போல. “வெட்டின துண்டு இருக்கா டெய்லர்?” என்றார் தணிந்த குரலில்.

“கந்தல் மூட்டையில போட்டுட்டேன்.”

“அப்ப ஓடுங்க.”

கந்தல் வாங்குகிறவர் வாரம் தவறாமல் வண்டி தள்ளிக்கொண்டு வருவார். அந்த வாரம் மழையால் வரவில்லை. மழையை அதுவரை திட்டித் தீர்த்த நான் அன்றைக்குத்தான் அதை மனசாரக் கும்பிட்டேன். மெஷினுக்குக் கீழே மூட்டை அப்படியே இருந்தது. தரையில் கவிழ்த்தோம். சீருடைத் துணியில் வெட்டிய நீலமும் சாம்பலுமாக ஒரு குன்று. அதற்குள் வெள்ளைக் கீற்றுகளைத் தேடினோம். கழுத்துப்பட்டைக் கேன்வாஸ் வெள்ளை, பாக்கெட் துணி வெள்ளை, எல்லாம் வெள்ளை.

“அண்ணே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“அவ துணி மொடமொடன்னு இருக்கும். கஞ்சி போட்டுத்தான் ஆரம்பிப்பா. கையால பாரு, கண்ணால பாக்காத.”

இன்னொரு அடையாளமும் கிடைத்தது. ஓரத்துணியில்தான் அண்ணி நிறம் ஒத்துப்பார்ப்பார் போலும். சில கீற்றுகளில் நீலத்தில் ஒரு தையல், வெளிர்நீலத்தில் ஒரு தையல், பக்கத்தில் வேண்டாமென்று விட்ட பச்சையில் ஒன்று. சட்டையின் வெயில்பட்ட தோளுக்காக அவர் எத்தனை நீலத்தை முயன்று பார்த்திருக்கிறார் என்பதை அந்தக் கீற்றில் வரிசையாகக் கண்டோம். அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இதைப் போய் பிசிறுன்னு வெட்டினேனே,” என்றார். வாய்விட்டு அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினார். நான் சமையலறைக்குப் போய் டீ போட்டு, ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துவந்தேன். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு சீருடை வேலை முடிந்த நேரமெல்லாம் அவர் ஒட்டுத் தைத்தார். முதலில் தான் போட்ட மெஷின் தையலைப் பிரிக்க வேண்டும், எம்ப்ராய்டரி இழையில் ஊசி படாமல். பிறகு துணியையும் கீற்றையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து, அடியில் மெல்லிய மஸ்லின் துணி கொடுத்து, நுணுக்கமாகக் கைத்தையல். மெஷினில் பழகிய விரல்கள், ஊசி குத்திக் குத்திச் சிவந்துவிட்டன. ஒவ்வொரு சாண் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தையலைத் தடவிப் பார்ப்பார். மேடு தட்டினால் பிரித்து மறுபடியும் போடுவார்.

“கண்ணத் தொறந்து பாத்தா என்ன அண்ணே?”

“கண்ணு ஏமாத்தும். விரல் ஏமாத்தாது.”

எல்லாம் தைத்து முடித்த அன்று மகளின் போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, கட்டு பிரிச்சாச்சு.”

“எப்படி இருக்கா? தெரியுதா?”

“வெளிச்சம் தெரியுதுப்பா. ஆள் நடந்தா நெழல் மாதிரி தெரியுதாம். அவ்ளோதான். டாக்டர் போகப் போகப் பாக்கலாம்ங்கிறாரு. தேறலாம், தேறாமலும் போகலாமாம். அம்மா தைரியமாத்தான் இருக்காங்க. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. “சாப்பிட்டாரான்னு கேளு.”

“சாப்பிட்டேன்னு சொல்லு,” என்றார் அண்ணன். போனை வைத்த பிறகு வெகுநேரம் மெஷின் சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டே இருந்தார். நூல் ஏற்றாத மெஷின் சும்மா ஓடியது. காலியாகக் கிடந்த வெள்ளைச் சுவரை இருவருமே பார்க்கவில்லை. மொதல்ல கண்ணுல படுறது என்று அவர் சொன்னது என் காதிலேயே நின்றது.

இனி பிரேம் எதற்கு என்று விட்டுவிடுவார் என நினைத்தேன். மறுநாள் காலை அவரே பையோடு கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

அக்கா ஒட்டுப்போட்ட ஓரங்களை வளைத்து, இழுத்துப் பார்த்தார். “தாங்கும். கைதேர்ந்த ஆளுதான் நீங்க,” என்றார். குழாய்த் துணியை அட்டையில் போட்டு, பின்னால் மடித்து, நூல் கோர்த்து இழுத்துக் கட்டினார். கருப்பு மரச்சட்டத்தில் பொருத்திப் பார்த்தார். அட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைக்க மெல்லிய மரச்சிம்பு எடுத்தார். “கண்ணாடி நூல் மேல பட்டா இழை நசுங்கிடும். அதான் இந்த இடைவெளி.” பிறகு கண்ணாடியைத் துடைத்து மேலே வைத்தார். குழாய் பளபளவென்று, கடையில் விற்கிற படம் போல ஆகிவிட்டது.

அண்ணன் கட்டைவிரலை நீட்டிச் சொட்டின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். விரல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போனது.

“கண்ணாடிய எடுத்துடுங்க,” என்றார்.

“ஏன், கீறல் இருக்கா?”

“இல்ல. கண்ணாடியே வேணாம். எதுக்கும் வேணாம்.”

“விளையாடுறீங்களா டெய்லர்? தூசி அப்பும், பூச்சி அரிக்கும். வர்றவங்க போறவங்க எல்லாம் கைவப்பாங்க. வருஷத்துல அழுக்கேறி நாறிப்போகும். அப்புறம் இந்தக் கடையில போட்டதுன்னு என் பேருதான் கெடும்.”

“கைவைக்கத்தான்மா வேணும்.” அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டார். “அவளுக்குக் கண்ணு வரல. வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதாம். இதுக்கு மேல கண்ணாடியப் போட்டா அவ இத எப்படிப் பாப்பா? இருக்கிறது விரல் ஒண்ணுதான். அதையும் நான் அடைக்கவா? அழுக்கானா ஆகட்டும். அவ கை அழுக்குதானே.”

அக்கா கண்ணாடியைத் தூக்கி ஓரமாக வைத்தார், சிம்பையும் எடுத்துப் போட்டார். பிறகு உப்புத்தாளை எடுத்து மரச்சட்டத்தின் உள்விளிம்பை, விரலில் சிராய் ஏறாதபடி, தேய்க்கத் தொடங்கினார். தேய்த்துக்கொண்டே இருந்தார், தேய்த்துக்கொண்டே முழங்கையால் கண்ணைத் துடைத்தார். அவர் ஏப்ரனில் ஒரு நீள நூல் தொங்கியது. அண்ணனின் கை பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்த கத்தரிக்குப் போனது. வெறுங்கையாகவே திரும்பி வந்தது.

வெயில் வந்த பிறகு பின்பக்கம் ஒட்டி அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். மாட்டுவதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. படம் என்றால் கண் உயரத்தில் மாட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் நெஞ்சு உயரத்துக்குக் கீழே ஆணி அடித்தார்.

“ரொம்பக் கீழ இருக்கு அண்ணே.”

“அவ தோள் உயரம் எனக்குத் தெரியும், கை நீளம் தெரியும். எத்தனை வருஷமா அளவெடுக்காமலே தைக்கிறேன். முழங்கை மடங்கி விரல் வந்து நிக்கிற எடம் இதுதான். நீ சும்மா ஆணியப் புடி.”

அண்ணி மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். இளைத்திருந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வாசலிலேயே நின்று மோந்து பார்த்து, “என்ன, மரக்கடை வாசனை அடிக்குது?” என்றார். உள்ளே வந்தவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“செவுத்துல கறுப்பு கறுப்பா என்னமோ தெரியுதே. ஜன்னல் வச்சிட்டீங்களா?”

அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பிரேமில் வைத்தார்.

அண்ணியின் விரல்கள் மரத்தைத் தொட்டு, உள்ளே இறங்கி, துணியில் நின்றன. மெதுவாக நகர்ந்தன. “என் குழாய்,” என்றார். விரல் கீழே போய்ச் சொட்டைத் தேடிப் பிடித்தது. “சொட்டு!” அடுத்ததற்கு அவரே நகர்ந்தார். “இது பூனை. வாலு இங்க இருக்கணும். இருக்கு. இது அவ செருப்பு. ஏடி, இங்க வா, உன் செருப்புடி.” மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இந்த அப்பா இப்படியெல்லாம் செய்வார் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

செருப்பின் ஓரத்தில் அண்ணியின் விரல் தயங்கியது. முன்னும் பின்னும் போனது.

“இது என்ன, மேடு? இங்க ஒட்டு இருக்கே.”

அண்ணி அண்ணன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“வெட்டிட்டீங்களா?”

“வெட்டிட்டேன்,” என்றார் அண்ணன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையுந்தான். பிசிறா இருந்துச்சு.”

அண்ணி சிரித்தார். வீட்டுக்குள் மழைக்காலம் முழுக்கக் கேட்காத சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். “டாக்டர் கண்ணக் கசக்கக் கூடாதுன்னாரு, இப்படிச் சிரிக்க வைக்கிறீங்களே. நல்லவேளை, பெட்டிக்குள்ள நான் இல்ல. என்னையும் ஓரம் வெட்டியிருப்பீங்க.” பிறகு அந்த ஒட்டை மறுபடி தடவினார். “கைத்தையலா போட்டீங்க?”

“ஆமா.”

“உங்களுக்குக் கைத்தையல்னா கசக்குமே.”

“கசக்கலாம். அதுக்கு என்ன பண்றது?”

கடைசிப் பிரேம் முக்காலிக்கு நேர் எதிரே இருந்தது. அதைத் தொட்டதும் அண்ணி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். வெட்கத்தில் முகம் சிவந்துபோனது. “இத எதுக்கு எடுத்தீங்க? இது மாட்டறதுக்குப் போட்டது இல்ல.”

“வழுக்கைக்கு ஒரு இழை நூல் போட்டிருக்கலாம்,” என்றார் அண்ணன்.

“இல்லாததுக்கு நூல் எதுக்கு, வீணா?”

மறுபடி தொட்டார். தோளிலிருந்து இடுப்பு வரை, வளைந்து இறங்குகிற அந்த நீலச் சட்டையை விரல் மெதுவாகத் தடவிக்கொண்டு போனது. அப்படியே இன்னொரு கையை நீட்டிப் பக்கத்தில் நின்ற அண்ணனின் முதுகைத் தேடிப் பிடித்தார். ஒரு கை துணியில், ஒரு கை சட்டையில். இரண்டும் ஒரே வேகத்தில் கழுத்திலிருந்து கீழே இறங்கின. நடுமுதுகில் வந்து இரண்டும் நின்றன.

“கூன் கூடிடுச்சே,” என்றார் அண்ணி. “நான் போட்டப்ப இவ்ளோ வளைவு இல்ல.”

“அப்படியா?”

“நிமிந்து நில்லுங்க.”

அண்ணன் தன்னால் முடிந்த மட்டும் நிமிர்ந்தார்.

“இன்னும் கொஞ்சம்,” என்றார் அண்ணி, இரண்டு கையையும் எடுக்காமல்.